பரம்பரை இல்லாத குயவர்கள்

இது ஒருவருடைய நாட்குறிப்பு அல்ல. பல ஊர்களில், பல காலங்களில் மண்ணில் கை வைத்தவர்களின் நாட்களை ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தது. இதில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் சக்கரம் கிடையாது, சூளை கிடையாது. எதையோ படித்தார்கள், எங்கோ வேலை பார்த்தார்கள், பிறகு குயவர் ஆனார்கள். ஸ்டூடியோ குயவர்கள் என்று உலகம் இவர்களைச் சொல்கிறது. மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை தங்கள் பொறுப்பில் செய்துகொள்கிறவர்கள்.

1911 பிப்ரவரி, தோக்கியோ

ஹாங்காங்கில் பிறந்து, லண்டனில் ஓவியம் படித்து, ஜப்பானியருக்கு எட்சிங் என்ற அச்சுக்கலையைக் கற்றுக்கொடுக்கலாம் என்று வந்தவர் பெர்னார்ட் லீச். வயது 24. நண்பர் தோமிமோதோ கென்கிச்சியோடு ஒரு விருந்துக்குப் போகிறார். அங்கே வரும் ஒவ்வொருவர் கையிலும் சுட்ட வெள்ளைப் பாத்திரம் ஒன்றும் தூரிகையும் கொடுக்கிறார்கள். வரைந்ததன் மேல், சூட்டில் கண்ணாடிபோல் உருகும் கிளேஸ் என்ற பூச்சைத் தோய்த்து, எடுத்துச் செல்லக்கூடிய சின்னச் சூளைக்குள் வைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது செக்கச்செவேலென்று இடுக்கியில் வெளியே வருகிறது. குளிர்காற்று பட்டும் வெடிக்கவில்லை. ஆற ஆற நிறம் தெரிகிறது.

லீச்சுக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது. குரு தேடுகிறார். கென்சான் என்ற புகழ்பெற்ற குயவர் வரிசையில் ஆறாவது ஆளாக இருந்த முதியவர் கிடைக்கிறார். வறுமையில் இருந்தவர். மொழி தெரியாத லீச்சுக்கு மொழிபெயர்க்க வந்த தோமிமோதோவுக்கும் மண் பிடித்துப்போகிறது. பின்னாளில் அவரும் ஜப்பானின் பெரிய குயவர்களில் ஒருவரானார். கிழவர் இருவருக்கும் தம் கிளேஸ் குறிப்புகளையும் வாரிசுப் பத்திரத்தையும் கொடுத்தார். பிறப்பால் வராத பரம்பரை காகிதத்தில் வந்து சேர்ந்தது.

1919, தோக்கியோ

அதே ஊரில் இன்னொரு மாணவர். ஜம்முவில் நிலவியல் படித்துவிட்டு மண்பாண்டத் தொழில்நுட்பம் கற்க வந்திருக்கும் குருசரண் சிங். லீச்சின் நண்பர் வட்டத்தில் இவருக்கும் இடம் கிடைக்கிறது. ஊர் திரும்பியபின் பல ஆண்டு கழித்து, 1952-ல், தில்லி புளூ பாட்டரியைத் தொடங்கினார். இந்திய ஸ்டூடியோ மண்பாண்டத்தின் கதை பெரும்பாலும் இவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. பாறையைப் பற்றிப் படித்தவருக்கு, பாறை பொடிந்து உருவான களிமண் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

1920, செயிண்ட் ஐவ்ஸ், கார்ன்வால்

லீச் இங்கிலாந்து திரும்புகிறார். கூடவே 25 வயது ஷோஜி ஹமாடா. தோக்கியோவில் தொழிற்கல்லூரியில் செராமிக் படித்து, கியோத்தோவில் கிளேஸ் சோதனைகள் செய்தவர். லீச்சிடம் கண் இருக்கிறது, ஹமாடாவிடம் வேதியியல் இருக்கிறது. மேற்கு நாடுகளில் முதல் ஜப்பானியப் படிக்கட்டுச் சூளையை இருவரும் கட்டுகிறார்கள்.

இடத்தேர்வு என்னவோ வேடிக்கைதான். சீனக் களிமண்ணுக்கு உலகப் புகழ்பெற்ற கவுண்டி கார்ன்வால். ஆனால் அந்த வெள்ளை மண் சக்கரத்தில் இழுபடாது; தனியாக வைத்துப் பானை வனைய முடியாது. விறகுச் சூளை கட்டியாயிற்று, சுற்றுவட்டாரத்தில் விறகு அரிது. பக்கத்துச் செயிண்ட் எர்த்திலிருந்து மண் எடுக்கிறார்கள். பெரணியை எரித்துச் சாம்பல் சேர்த்து கிளேஸுக்குப் பயன்படுத்துகிறார்கள். கட்டிய சூளை சரியாக நிற்காமல், சில ஆண்டுகளில் மட்சுபயாஷி என்ற ஜப்பானியப் பொறியாளர் வந்து திரும்பக் கட்டிக்கொடுத்தார். 1940-ல் லீச் எழுதிய 'எ பாட்டர்ஸ் புக்' உலகெங்கும் ஸ்டூடியோ குயவர்களின் வேதமானது. அதில் மண், சாம்பல், சூளை பற்றி அத்தனை பக்கங்கள் இருப்பதற்கு இந்த வருடங்களின் அவதி ஒரு காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

1926, வின்ச்கோம்ப்

லீச்சின் முதல் மாணவர்களில் ஒருவர் மைக்கேல் கார்டியூ, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். குருவுக்குப் பிடித்த கீழைநாட்டுப் பாண்டங்களை விட இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பழைய மதுச் சாடிகளும் ரொட்டிக் கிண்ணங்களும்தான் இவரை இழுத்தன. கிளாஸ்டர்ஷயரில் மூடிக் கிடந்த ஒரு பழைய குயவர் பட்டறையை வாடகைக்கு எடுக்கிறார். அங்கே முன்பு தலைமைக் குயவராக இருந்த எலைஜா கம்ஃபர்ட்டைத் தேடிப் பிடித்து வேலைக்குச் சேர்க்கிறார்.

பட்டதாரி முதலாளி. கூலிக்கு வந்தவருக்குத்தான் தொழில் தெரியும். அதை மறைக்காமல் சொன்னவர் கார்டியூ. கம்ஃபர்ட் வந்திராவிட்டால் அந்தப் பட்டறையின் கதை வேறாக இருந்திருக்கும். ஆனால் வரலாற்றில் தலைப்பு கார்டியூவுக்கு, அடிக்குறிப்பு கம்ஃபர்ட்டுக்கு.

1946, லண்டன்

வியன்னாவிலிருந்து 1938-ல் தப்பி வந்த லூசி ரீ, ஆல்பியன் மியூஸ் என்ற சந்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். போர்க்காலத்தில் ஆடைக்கான பீங்கான் பொத்தான்கள் செய்து பிழைத்தவர். வேலை கேட்டு வந்து நிற்கிறார் ஹான்ஸ் காப்பர் என்ற இன்னொரு அகதி. மண் தொட்ட அனுபவம் கிடையாது. இருவரும் பின்னால் இருபதாம் நூற்றாண்டின் முன்னணிக் குயவர்கள் ஆனார்கள். விறகும் மலையும் இல்லை, இருந்தது மின்சூளை. ரீயின் மெல்லிய கிண்ணங்கள் லீச்சுக்கு முதலில் பிடிக்கவில்லை. ரீ பின்னால் தம் வழியிலேயே போனார்.

1954, அபுஜா, நைஜீரியா

கார்டியூ இப்போது ஆப்பிரிக்காவில். காலனி அரசுக்காகக் குயவர் பயிற்சி மையம் நடத்துகிறார். ஊர் எமிரின் அரண்மனையில் அவர் கண்டு வியந்த நீர்க்குடங்களைச் செய்தவர் லாடி குவாலி. அவர் இந்த ஆண்டு மையத்தில் சேர்கிறார். அங்கே முதல் பெண் அவர்தான்.

குவாலிக்குச் சக்கரம் தேவையில்லை. மண்ணைத் திரியாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்துவார். குடம் அசையாது, அவர்தான் அதைச் சுற்றி நடப்பார். பிறகு பல்லி, பாம்பு, தேள் என்று மேனியில் கீறுவார். திறந்தவெளியில் வைக்கோல் போட்டுச் சுட்டு வந்த குடங்கள் கார்டியூவின் சூளையில் கிளேஸ் பூண்டு, உயர்ந்த சூட்டில் இறுகும் ஸ்டோன்வேர் ஆயின. தண்ணீரைக் குளிர்விக்கும் குணம் போயிற்று, லண்டன் கண்காட்சிக்குப் போகும் தகுதி வந்தது. இது லாபமா நஷ்டமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தக் கை மட்டும் குவாலியின் ஊர்க்கை. இன்றைக்கு நைஜீரியாவின் 20 நைரா நோட்டைத் திருப்பினால் குடத்தோடு இருப்பது அவர், கார்டியூ இல்லை.

1970, மாஷிகோ

ஹமாடா 1923 இறுதியில் இங்கிலாந்தை விட்டவர், தோக்கியோவுக்கு வடக்கே மாஷிகோ என்ற குயவர் கிராமத்தில் தங்கிவிட்டார். தண்ணீர் ஜாடி, தேநீர்க் கெண்டி எனத் தலைநகரின் அடுக்களைக்குச் சாமான் அனுப்பிய ஊர். அங்கத்து மண் கரடு. நுணுக்கமான வேலைக்கு ஒத்து வராது. கிளேஸ், உள்ளூர்க் கல்லைப் பொடித்தால் வரும் பழுப்புச் சிவப்பு. பத்தாயிரம் சோதனை செய்யக்கூடிய ஆள், பெரும்பாலும் உள்ளூரில் கிடைத்ததோடு நிறுத்திக்கொண்டார். மண் எதற்கு ஒத்து வருமோ அதைத்தான் செய்வது என்று வைத்துக்கொண்டார். ஊர் திரும்பியபின் பானையில் பெயரும் போடுவதில்லை. (பானை வைக்கும் மரப்பெட்டியில் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.) 1955-ல் ஜப்பான் அவரை வாழும் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்தது.

இந்த ஆண்டு அவரைப் பற்றிப் புத்தகம் எழுத அமெரிக்காவிலிருந்து சூசன் பீட்டர்சன் வந்திருக்கிறார். மொழிபெயர்க்கக் கூட இருப்பவர் பீட்டர்சனின் பழைய மாணவி டெபோரா ஸ்மித். ஜப்பானில் குயவுத் தொழில் பயின்றவர். தோமிமோதோவைப் போலவே இவரும் இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்று கற்றவர்.

1971, புதுச்சேரி

ஸ்மித் புதுச்சேரியில். கலிபோர்னியாவில் கட்டடக்கலையும் செராமிக்கும் படித்த ரே மீக்கரும் வந்து சேர்கிறார். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்குகிறது. கீற்றுக்கொட்டகை, பக்கத்துக் கிராமத்து ஆட்கள், சவுக்கு விறகு. கிண்ணம், தட்டு, கோப்பை என்று சாப்பாட்டு மேசைக்கான சாமான்கள்.

சுடும் நாளை இங்கே எழுதிவைக்க வேண்டும். முதலில் சிறு தீ. 100 டிகிரி தாண்டும் வரை அவசரம் கூடாது, ஒட்டியிருக்கும் ஈரம் நீராவியாகிப் பானையை வெடிக்க வைக்கும். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் சட்டென்று உப்பும். நம் ஊர்ச் சூளை எட்டுநூறு டிகிரியை ஒட்டி நின்றுவிடும். அதனால்தான் பானையில் நுண்துளை இருக்கிறது, தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்கிறது. ஸ்டோன்வேர் 1,300 டிகிரி வரை போகும். அங்கே மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும். விறகை வேகமாகத் திணித்துக் காற்றைக் குறைத்தால் இரும்பு கலந்த கிளேஸ் பச்சையாகும். காற்று தாராளமாக இருந்தால் அதே கிளேஸ் தேன் நிறமாகும். ஈரத்தில் வனைந்தது வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று குயவர்களைக் கேட்பவர்கள், சூளைக்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் போதும்.

1980-களில், அதே புதுச்சேரி

வெளியூர் மாணவர்கள் தங்கிக் கற்க ஆரம்பிக்கிறார்கள். இன்றைய இந்திய ஸ்டூடியோ குயவர்களில் பலருக்கு இதுவே பள்ளி. அங்கே வேலை செய்த உள்ளூர்க்காரர்களில் சிலரும் தனிப் பட்டறை வைத்தார்கள்.

மீக்கருக்குள் இருந்த கட்டடக்காரர் இப்போது விழித்துக்கொள்கிறார். பச்சை மண்கல்லால் வளைவும் குவிமாடமுமாக ஒரு வீடு. உள்ளே முழுக்கச் செங்கல், ஓடு அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாட்கணக்கில் எரிப்பது. ஆறியபின் உள்ளே இருந்ததை விற்கலாம், வீட்டில் குடியேறலாம். வழக்கமான சூளையில் சுவர் குடிக்கும் வெப்பம் வீண். இங்கே அந்தச் சுவர்தான் சரக்கு. இத்தனை நல்ல யோசனை இருந்தும் அந்த முறை ஊரெங்கும் பரவவில்லை. நிற்கிற சில வீடுகள் நிற்கின்றன.

2020, வில்லியனூர்

புதுச்சேரிக்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர். ஸ்மித்தும் மீக்கரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே குயவர்கள் இருந்த ஊர். இவ்வட்டாரச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு இந்த ஆண்டு பத்மஸ்ரீ. மூன்று ஆண்டு கழித்து, 2023-ல், மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடத்தின் ஒலிக்குப் பெயர்போன மண் அது.

தமிழ்நாட்டுக் குயவர் சக்கரத்தில் கழுத்தையும் தோளையும் மட்டும் இழுத்து, அறுத்தெடுத்து, உள்ளே கல்லும் வெளியே பலகையுமாகத் தட்டித் தட்டி அடியை உருண்டையாக்குவார். புதுக்கோட்டைப் பக்கத்து வேளார்கள் அய்யனாருக்கு ஆளுயரத்துக்கு மேல் குதிரை செய்வது சக்கரத்தாலும் அல்ல, அச்சாலும் அல்ல. இந்த இரண்டு வேலையையும் பெரும்பாலான செராமிக் வகுப்புகள் சொல்லித்தருவதில்லை. லீச்சுக்கு ஒரு கென்சான் வேண்டியிருந்தது. கார்டியூவுக்கு முதலில் கம்ஃபர்ட், பிறகு குவாலி. நம் நகரங்களில் வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டிச் சக்கரம் பழகுகிறவர்கள், ஒரு மாதக் கட்டணத்தை மிச்சம் பிடித்து வில்லியனூருக்கோ மானாமதுரைக்கோ ஒரு நடை போய்வரலாம். போனால் படம் எடுப்பதோடு நிற்காமல், ஒரு பானையாவது சொன்ன விலைக்கு வாங்குங்கள்.