பெயர் கேட்ட முகம்

டிரினிடாட் தீவில் நாங்கள் இருந்தது ஒன்பது நாட்கள். இருவருக்கும் ஒரே கேமரா. இயற்கைக் காட்சிகள் எங்களைச் சோதிக்கவில்லை. கரோனி சதுப்புநிலத்தில் ஒரு மாலை, அலையாத்தி மரங்களின் ஓரமாகப் படகை நிறுத்திக் காத்திருந்தோம். செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டங்கூட்டமாக வந்தடைந்தன. இளமையில் பழுப்பாக இருக்கும் இப்பறவைகள் நண்டும் இறாலும் தின்றே சிவக்கின்றனவாம். இருட்டும்வரை படமெடுத்துக்கொண்டே இருந்தோம்.

மனிதர்களிடம் கேமராவை நீட்டத்தான் கை கூசியது. புறப்படுமுன் பார்த்த பழைய படங்களே காரணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தொழில் நடத்திய பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஃபெலிக்ஸ் மொரின், அங்கிருந்த இந்தியப் பெண்களைப் படமெடுத்தார். 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் சிலர் சென்னை வழியாகவும் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டத்தில் பெற்ற வெள்ளி நாணயங்களை உருக்கி வளையும் காப்புமாகச் செய்துகொள்வது அவர்கள் வழக்கம். படங்களில் அப்பெண்களின் கைகளை நிறைப்பது அந்தச் சேமிப்புத்தான். அவ்வகைப் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சானபோது கீழே 'கூலிப் பெண்' என்று மட்டும் போட்டார்கள். பெயர் இல்லை.

வாட்டர்லூ என்னும் ஊரில் கடலுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. சிவ்தாஸ் சாது என்ற தொழிலாளி கரும்பு நிறுவன நிலத்தில் 1947இல் எழுப்பிய கோயில் பின்னர் இடிக்கப்பட்டது. அவர் சிறைக்கும் சென்றார். பிறகு, யாருக்கும் சொந்தமில்லாத கடலைத் தேர்ந்தெடுத்து, சைக்கிளில் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டி, ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைத்து மீண்டும் கட்டினார். இன்று காணும் வடிவம் 1995இல் அமைந்தது.

அங்கே, மூங்கில் கழிகளில் வண்ணக் கொடிகள் படபடக்க, பூத்தட்டுடன் ஒரு மூதாட்டி வந்தார். சாய்ந்த வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கேமராவை உயர்த்தினோம். அவர் கைகாட்டித் தடுத்தார். முதலில் எங்கள் பெயர்களைக் கேட்டார். தம் பெயரைச் சொல்லி, எங்களையும் சொல்ல வைத்து, உச்சரிப்பைத் திருத்தினார். பின்னர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, பூத்தட்டை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். நாங்கள் விரும்பியது பூத்தட்டுடன் கூடிய படம். அவர் விரும்பியபடியே எடுத்தோம். ஒரு பிரதி அனுப்பச் சொன்னார், அனுப்புவதாக வாக்களித்தோம்.

ஊர் திரும்பி, படத்தை அச்சிட்டு உறையிலும் இட்ட பிறகுதான் உறைத்தது. பெயரைக் கவனமாகக் குறித்துக்கொண்ட நாங்கள் முகவரியைக் கேட்கவில்லை! வெயில் இறங்குவதற்குள் இன்னும் சில படங்கள் எடுத்துவிடும் அவசரம் எங்களுக்கு. மொரினைக் குறை சொல்லிக்கொண்டே தீவு முழுதும் சுற்றியவர்களும் நாங்கள்தாம்.

அரிவாள்மூக்கன் படங்களைப் பார்த்து நண்பர்கள் வியக்கிறார்கள். அந்த உறை மட்டும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உள்ளே உள்ள படத்தின் பின்புறம் அவர் பெயர் இருக்கிறது. இங்கே அதை எழுதவில்லை. அதற்கு அவரிடம் நாங்கள் அனுமதி கேட்கவில்லை.