கேட்ட கையோடு பார்க்கலாம்

சேனைக்கிழங்கை வறுத்துத் தின்கிற நம்மில் அதன் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த சுமத்ரா காட்டுச் செடி ஒன்று ஆள் உயரத்துக்குப் பூக்கும். ஓரிரு நாளில் வாடிவிடும். அந்த நேரத்துக்குள் செத்த எலி போல நாறி ஈக்களையும் வண்டுகளையும் வரவழைத்துக்கொள்ளும். 1999இல் கலிபோர்னியாவில் அது முதன்முறையாகப் பூத்தபோது, அந்த நாற்றத்தை முகர ஊரே திரண்டு வந்து வரிசையில் நின்றது. பூத்த இடம், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சான் மரினோவில் உள்ள ஹண்டிங்டன்.

நூலகம், ஓவியக்கூடம், தாவரத் தோட்டம் மூன்றும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. டிராம் கம்பெனி முதலாளி ஹென்றி ஹண்டிங்டனும் மனைவி அரபெல்லாவும் 1919இல் வீடு, நிலம், புத்தகம், படம் எல்லாவற்றையும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்கள். மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களுக்கு அங்கே நடக்கும் பொதுச் சொற்பொழிவுகள் பெரிய ஆறுதல். நம் கூட்டங்களில் வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் கைக்கு மைக் போவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். இங்கே இரண்டு நிமிட அறிமுகம், ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு கேள்விகள். சோடா கூடக் கிடையாது.

எனக்குப் பிடித்தவை பிற்பகலில் நடக்கும் தோட்டப் பேச்சுகள்தான். கள்ளிச் செடிகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், சற்று தூரத்தில் பாலைவனத் தோட்டமே இருக்கிறது. உலகத்தின் பழைய, பெரிய கள்ளித் தோட்டங்களில் ஒன்று. வில்லியம் ஹெர்ட்ரிச் என்ற தோட்டக்காரர் 1907 வாக்கில் தொடங்கியது. ரயில் பாதை போட்ட காலத்தில் சப்பாத்திக்கள்ளியிடம் குத்துப்பட்டதால் ஹண்டிங்டனுக்குக் கள்ளி என்றாலே ஆகாது, தோட்டக்காரர்தான் விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார் என்று சொல்கிறார்கள். இப்படி ஒரு இடத்தில் பேச்சாளர் அளந்துவிட முடியாது. அவர் சொன்ன முள்ளையும் நிழலையும் கேட்டவர் நேரே போய்ச் சரிபார்த்துவிடுவார். பேச்சுக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை.

மாலைச் சொற்பொழிவுகளில் இந்த வசதி இல்லை. தோட்டத்தையும் கூடங்களையும் அதற்குள் பூட்டிவிடுவார்கள். ஆனால் வானியல் பேச்சு மாலையில் நடப்பதுதான் முறை. கார்னகி வானாய்வகத்தார் இங்கே வந்து பேசுவதற்குப் பழைய உறவு ஒன்று உண்டு. ஹண்டிங்டன் தன் சேகரிப்பை ஆராய்ச்சி நிலையமாக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர், கார்னகி நிறுவனத்தின் கீழ் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தை நிறுவிய ஜார்ஜ் எல்லரி ஹேல். அந்த மலையில் 100 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டுதான் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி நட்சத்திர மண்டலம் என்று 1920களில் காட்டினார். அவர் குடியிருந்ததும் சான் மரினோவில்தான். அவருடைய காகிதங்கள் இந்த நூலகத்தில் இருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் அந்த மலைத்தொடர் இங்கிருந்தே தெரியும்.

பழம் புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள் விஷயம் வேறு. கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளையும் ஆங்கிலக் கவி சாஸரின் எல்லெஸ்மியர் கையெழுத்துப் பிரதியையும் காட்சிக்கு வைக்கும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். மற்றபடி வாசிப்பறை ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளே இருக்கும் தாள்களின் அட்டைப்பெட்டிகளைத் திறந்து காட்டுவது சொற்பொழிவு ஒன்றுதான். இங்கே பேச்சாளரை நம்பித்தான் ஆகவேண்டும். ஆக்டேவியா பட்லரின் குறிப்பேடுகளும் தாள்களும் அப்படித்தான் உள்ளே இருக்கின்றன. 1947இல் பக்கத்து ஊரான பாசடேனாவில் பிறந்த கறுப்பினப் பெண். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். அறிவியல் புனைகதை எழுத்தாளர்களில் மெக்ஆர்தர் நிதிநல்கையைப் பெற்ற முதல் ஆள் பட்லர்தான். 2006இல் இறந்தபோது தன் தாள்களையெல்லாம் இந்த நூலகத்துக்கே விட்டுப்போனார். தாய் பிறர் வீடுகளில் வேலைக்காரியாக இருந்தார்; இந்த நூலகத்தில், மகளின் அடித்தல் திருத்தல்களைப் படிக்க இன்று பேராசிரியர்கள் நேரம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். இங்கே ஓவியக்கூடத்தில் இருக்கும் புகழ்பெற்ற ப்ளூ பாய் ஓவியத்தின் முன்னால் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சீனத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு இப்படி ஏதாவது நெருடும். 2008இல் திறந்தது, குளமும் வளைந்த பாலமுமாக அழகுதான். ஆனால் ஹென்றியின் சித்தப்பா காலிஸ் ஹண்டிங்டன் சென்ட்ரல் பசிபிக் ரயில்வே முதலாளிகளில் ஒருவர். 1869இல் முடிந்த அந்தப் பாதைக்கு மலையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் சீனக் கூலிகள். தோட்டத்தின் கற்களைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு அவர்கள் குடைந்த மலைக் கற்களைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பெரிய குறை, போய்வருவதுதான். ஹண்டிங்டன் டிராம் தடங்கள் போட்டு, தடத்தை ஒட்டிய நிலங்களை மனையாக விற்றுச் சம்பாதித்தவர். அவர் தொடங்கிய பசிபிக் எலக்ட்ரிக் கம்பெனிக்கு ஒரு காலத்தில் 1,000 மைலுக்கு மேல் தண்டவாளம் இருந்தது. 1961இல் கடைசித் தடமும் போய்விட்டது. இரவுப் பேச்சு முடிந்தால் மாப்பிள்ளை ஆபீஸ் களைப்போடு கார் எடுத்துவர வேண்டும். அவருக்கு மீட்டிங் இழுத்துவிட்டால், டிராம் முதலாளி வீட்டு வாசலில் நின்று, இந்தப் பக்கம் பஸ் ஏதாவது வருமா என்று போனில் தேடிக்கொண்டிருப்பேன்.