மட்டாஞ்சேரிக்கு வந்த சம்மட்டி

என் பையில் இருந்தது நான்கு பக்கத் தாள். கோயம்புத்தூருக்கு வெளியே சிறிய பட்டறை வைத்து, கொல்லர்களுக்கான மின்சாரச் சம்மட்டி செய்து விற்கும் ஒருவர் கொடுத்தது. இயந்திரத்தை எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது, எதைச் செய்யக் கூடாது என்று யாரோ அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தமிழில் தர வேண்டும். ஒரு மாலை வேலை என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரமாகியும் முடியவில்லை.

அவருக்கு டீலர் கிடையாது, ஷோரூம் கிடையாது. வாங்க நினைக்கும் கொல்லர் நேரே வருவார். ஓடுகிற இயந்திரத்தில் தானே ஒரு இரும்பை வைத்து அடித்துப் பார்ப்பார். முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. “டீலர் வெச்சா கமிஷன் போகுமுங்க. அதைக்கூட குடுத்தறலாம். மெஷின்ல யாருக்காவது கை மாட்டுச்சுன்னா அவன் போனை எடுக்க மாட்டானுங்க” என்றார். வேலை செய்கிற இடத்தில் ஒன்றைப் பார்க்காமல் எனக்கு வார்த்தை வராது என்று சொன்னேன். “மட்டாஞ்சேரிக்குப் போய்ப் பாருங்க. போன மாசந்தான் ஒண்ணு போயிருக்குது.”

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் வழக்கமாக வேறு காரணங்களுக்காகப் போவார்கள். போர்ச்சுக்கீசியர்கள் 1555இல் கட்டிக் கொடுத்து, டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய கட்டடம். 1568இல் எழுந்த யூதர் ஆலயம். அதைச் சுற்றிக் கலைப்பொருள் கடைகள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கலைத் திருவிழா வேறு. இவற்றை விட்டுவிட்டு பஜார் ரோட்டில் நடந்தால்தான் ஊரின் தொழில் புரியும். அது இடைத்தரகு. இடுக்கியிலோ வயநாட்டிலோ மிளகைக் காய வைத்தவரும் அதை ஐரோப்பாவில் சமையலில் தூவுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் இருந்தது இந்தத் தெரு. யூதத் தெருவில் 1957இல் தொடங்கப்பட்ட மிளகு வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில், கணினி வரும்வரை, தரகர்கள் தொண்டை கிழியக் கத்தித்தான் விலை நிர்ணயித்தார்கள். குஜராத்தியர், கொங்கணியர், கச்சி மேமன்கள், நம் தமிழர்கள் என்று அத்தனை பேரும் இங்கே கூடி வாழ்வதற்கு அந்தத் தரகுத் தொழில்தான் சோறு போட்டது. குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. துறைமுகத்தில் கூலி வேலை தேடிக் காலையில் கூடும் கூட்டத்தை நோக்கி, ஆள் பிடிப்பவர்கள் உலோக வில்லைகளை வீசுவார்கள். ‘சாப்பா’ என்று பெயர். முண்டியடித்துப் பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. அந்த முறைக்கு எதிரான போராட்டத்தின் மீது 1953 செப்டம்பரில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023இல் வெளிவந்த ராஜீவ் ரவியின் ‘துறைமுகம்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வில்லை தரையில் விழும் காட்சி மறந்திருக்காது. தோள் வலிமை ஒன்றையே நம்பி வந்தவனுக்கும் அவனுக்கு வேலை கொடுப்பவனுக்கும் நடுவே ஒருவன் நின்றுகொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

நான் தேடிய பட்டறை சந்தைக்குப் பின்னால், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில். மலையாளத்தில் கொல்லன் பட்டறைக்கு ‘ஆல’ என்று பெயர். பஞ்சாலைகளின் ஊரிலிருந்து போனவனுக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. கொட்டாங்கச்சிக் கரி குவியல். துருத்தி இருந்த இடத்தில் சின்ன மின்விசிறி. மீன் வெட்டும் கத்தி, தேங்காய் உரிக்கும் பாரை, படகுக்காரர்களுக்குச் சிறிய நங்கூரம் என்று பாதி முடிந்த வேலைகள் சுவரோரம். மூலையில், ஆள் உயரத்துக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு, கோயம்புத்தூர் இயந்திரம்.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் அந்தச் சேட்டன் ஒரே வரியில் சொன்னார்: “கூடம் அடிக்கான் ஆளில்லா, சாரே.”

தமிழ் படித்தவனுக்கு அந்த வாக்கியம் போதும். நமக்கு இன்று கூடம் என்றால் வீட்டின் நடு அறை, பள்ளிக்கூடம், மேலே சொன்ன வர்த்தகக் கூடம். புறநானூற்றுக் கொல்லனின் கையில் இருந்த கூடமோ சம்மட்டி. உரையாசிரியர் துணையில்லாமல் அது இப்போது நமக்குப் புரியாது. கேரளத்தில் அந்தச் சொல் இன்னமும் உலைக்குப் பக்கத்தில் கரி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு ‘விசைச் சுத்தியல்’, ‘திறன் சம்மட்டி’ என்று இரண்டு வாரம் நான் உருட்டிக்கொண்டிருந்தது வெட்கமாகிப் போனது.

கூடம் அடிக்க ஆளில்லை என்பதற்குப் பின்னால் இருக்கும் கதை நீளம். இருபது வருடத்துக்கு மேல் அவருடைய தம்பிதான் அடித்தார். தோள் மூட்டு போயிற்று. பிறகு வந்த அஸ்ஸாம் இளைஞன் ஆறு மாதத்தில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான். அங்கே விசிறிக்குக் கீழே நிற்கலாம். கொல்லனும் கூடம் அடிப்பவனும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கொல்லன் தன் சிறிய சுத்தியால் இரும்பில் ஒரு தட்டு தட்டுவார்: அங்கே அடி. பலமாகத் தட்டினால் பலமாக அடி. சுத்தியை உலைக்கல்லின் மீது சாய்த்தால் நிறுத்து. இரண்டு பேரும் ஒரே உடம்பாக வேலை செய்ய வேண்டும். இயந்திரத்துக்கு அந்தப் பாஷை தெரியாது. அதற்குத் தெரிந்தது காலின் பாஷை மட்டும்.

அமைப்பு எளிமையானது. மோட்டார் சுற்றுகிறது; காலால் மிதியை அழுத்தினால் பெல்ட் இறுகுகிறது; சக்கரம் ஒரு தண்டை மேலும் கீழும் ஆட்டுகிறது; தண்டு ஒரு பட்டை வில்லின் முனையை ஆட்ட, மறுமுனையில் தொங்கும் 40 கிலோ இரும்புத் தலை ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல். அந்த வில் லாரியின் அடியில் இருக்கும் அதே பட்டை வில். கீழே வைத்து அவர் அடிக்கும் இரும்பும் உடைந்த லாரிப் பட்டைதான்; நல்ல வெட்டுக்கத்திக்கு அதைவிட மலிவான எஃகு கிடையாது.

இந்த யோசனையே மின்சாரத்துக்கு முந்தியது. ஒரு நீராவிக் கப்பலுக்கு மிகப் பெரிய தண்டு தேவைப்பட, அதை அடிக்கக்கூடிய சம்மட்டி எங்கும் இல்லை என்று 1839இல் ஜேம்ஸ் நாஸ்மித் நோட்டில் ஒரு படம் வரைந்து வைத்தார். கப்பல்காரர்கள் மனம் மாறிவிட்டார்கள். பட்டறைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் நோட்டைப் பார்த்துவிட்டுப் போய் அதைச் செய்தே விட்டார்கள்; 1842இல் பிரான்சுக்குப் போன நாஸ்மித், தன் சம்மட்டி அங்கே வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு, திரும்பி வந்து காப்புரிமை வாங்கினார். வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டுவதில் அந்த ஆபத்தும் உண்டு.

மட்டாஞ்சேரியில் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. காயலை ஒட்டிய மண். இரண்டடி தோண்டினால் நீர் கசிகிறது. சம்மட்டியின் தலையைவிட அடிக்கல் குறைந்தது பத்து மடங்கு கனமாக இருந்தால்தான் அடி இரும்பில் இறங்கும். இல்லையென்றால் பாதி அடி தரைக்குள் போய்விடும். பக்கத்தில் இருப்பதோ செங்கல்லும் செம்புறைக்கல்லும் சுண்ணாம்பும் கலந்த பழைய கிடங்குச் சுவர். தயாரித்தவர் லாரியோடு தானே வந்து, இரண்டு நாள் தங்கி, அகலமாகக் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, அதற்கு மேல் தடித்த மரப்பலகை பரப்பி இயந்திரத்தை உட்கார வைத்திருக்கிறார். அப்படியும் கிடங்குக்காரர் சுவரைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். பத்து மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் ஓட்டுவதாக ஒப்பந்தம். அந்தப் பேச்சிலும் கோயம்புத்தூர்க்காரர் உடன் உட்கார்ந்திருந்தாராம். மலையாளம் தெரியாது, ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

தாளை எடுத்துப் படித்துக் காட்டினேன். “மிதியைப் படிப்படியாக அழுத்தவும்” என்று எழுதியிருந்தேன். சேட்டன் தலையாட்டினார், ஆனால் புரிந்ததாகத் தெரியவில்லை. பிறகு மிதியில் கால் வைத்துக் காட்டினார். முதலில் தலை இரும்பைத் தொட்டும் தொடாமலும் தட்டியது. கால் கொஞ்சம் இறங்க, அடி கனத்தது. “முதல்ல தட்டிப் பார், பிறகு அடி” என்று திருத்தினேன். இரும்பு சிவப்பு மங்கியதும் அடிக்கக் கூடாது என்பது அவருக்குச் சொல்லத் தேவையில்லாத வரி. எஃகு விரிசல் விடும் என்பது ஏழு வயதில் தெரிந்தது. வெறும் தலையை வெறும் அடிக்கட்டையில் அடிக்க விடக் கூடாது என்பது புதிது. அதை அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். குறடின் கைப்பிடி வயிற்றுக்கு நேராக இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்ற வரி. கூடம் அடிக்கும் ஆள், இரும்பு சரிவதைப் பார்த்தால் பாதியில் கையை இழுத்துக்கொள்வான். இது இழுத்துக்கொள்ளாது, குறடு எகிறி வயிற்றில் ஏறும். இதை ஏன் மூன்றாம் பக்கத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார். ஆங்கிலத்தில் அங்கேதான் இருந்தது என்று பதில் சொல்ல நாக்கூசியது. முதல் பக்கத்தின் முதல் வரியாக்கினேன். இருபது வருடமாக நான் செய்த மொழிபெயர்ப்புகளில் எத்தனை வயிறுகளை மூன்றாம் பக்கத்தில் விட்டுவிட்டேனோ.

பிற்பகலில் தம்பி வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சேட்டன் பழுத்த பட்டையை எடுத்துத் தலைக்குக் கீழே வைத்து, இடது கையால் குறடைப் பிடித்தபடி, வலது கைச் சுத்தியால் அதன் மேல் ஒரு தட்டு தட்டினார். பழக்கம். தம்பியின் தோள் அசைந்ததைப் பார்த்தேன். பிறகு சேட்டன் மிதியை அழுத்தினார்.

கிளம்பும்போது கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். வில்லைப் பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்துவிட்டது. “ரெண்டு நாள் ஓடுனதும் ஒருக்கா இறுக்கோணும்னு சொன்னனுங்களே” என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. “பறஞ்ஞு. பக்ஷே கடலாசில் இல்லா” என்றார் சேட்டன். சொன்னீர்கள், காகிதத்தில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். “அவர் பக்கத்துலதான் இருக்காரா? போனைக் குடுங்க. எழுதிக்கச் சொல்றேன்.”