ஒரு ஸ்க்வெத் அழுகை

ஸ்வீடிஷ் மொழியில் ஸ்க்வெத்தா என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அகராதியில் தேடினால் 'தெறிப்பது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதை நம்பினால் பாதிதான் கிடைக்கும்.

முதலில் சுலபமான பாதி. வாணலியில் எண்ணெய் தெறித்தால் ஸ்க்வெத்தா. பேருந்து சேற்றுத் தண்ணீரை நம் பேண்ட் மேல் வாரி அடித்துவிட்டுப் போனாலும் அதேதான். நமக்குத் தெறிப்பது வேறு, தெறிக்க வைப்பது வேறு. அவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடுகிறார்கள். பொடிப்பொடித் துளி என்றால், அதாவது இஸ்திரிக்கு முன்னால் துணியில் தெளிப்போமே அந்த மாதிரி, அதற்கு ஸ்தெங்க்கா என்று இன்னொன்று உண்டு.

(பக்கத்து நார்வேயில் இதே சொல்லுக்குத் திடுக்கிட்டுத் துள்ளுவது என்றும் பொருள். நாமும் 'தெறிச்சு ஓடிட்டான்' என்கிறோமே! எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.)

இனி மீதிப் பாதி. கடைசி 'ஆ'வை வெட்டினால் ஸ்க்வெத், பெயர்ச்சொல். கொஞ்சூண்டு திரவம். காபியில் ஒரு ஸ்க்வெத் பால். ஸ்பூன் கணக்கெல்லாம் கிடையாது, கை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு.

இதே அளவால் அழுகையையும் அளக்கிறார்கள் என்பதுதான் விஷயம். 'க்ரோத்தா என் ஸ்க்வெத்', ஒரு ஸ்க்வெத் அழுவது. (அந்த 'என்' நம்ம என் இல்லை, 'ஒரு' என்று அர்த்தம்.)

நாம் அழுகையை மழையால் அளக்கிற ஆட்கள். போன வருஷம் பாட்டி போனபோது நான் உப்சாலாவில் இருந்தேன். டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வீட்டில் வரவேண்டாம் என்றார்கள். அத்தை போனில், "ஒரு பாட்டம் அழுதுடுடா கண்ணு, சரியாயிடும்" என்றாள். எங்கே அழுவது? விடுதியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சமையலறை, ஒருத்தன் பாஸ்தா வேகவைக்கிறான், ஒருத்தி பாத்திரம் தேய்க்கிறாள். அங்கே ஒரு பாட்டம் பெய்ய முடியுமா?

விஷயம் தெரிந்ததும் பாத்திரம் தேய்த்தவள் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "வேணும்னா ஒரு ஸ்க்வெத் அழுதுக்கோ" என்றுவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று தேய்த்தாள்.

அழுதேன். ஒரு ஸ்க்வெத்தான். பாட்டம் பாக்கி இருக்கிறது, ஜூனில் ஊருக்குப் போகும்போது.