மூப்பா, நோயா?

கோவில்பட்டிச் சீமையில் நிறுக்கப்படாத பொருள் எதுவும் இல்லை. பருத்தி, மிளகாய் வற்றல், உளுந்து, கம்பு முதலிய கரிசல் விளைவுகள் யாவும் தராசில் ஏறி இறங்குகின்றன. மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் உடனே கேள்வி பிறக்கிறது. ஆனால் அந்தக் காட்டில் ஆயுள் முழுவதும் பருத்தி எடுத்த மூதாட்டியின் சரீரத்தில் ஐந்து கிலோ குறைந்தால் கேட்பாரில்லை. "வயசு ஏறுதுல்லா, மேலு வத்தத்தான செய்யும்" என்று ஊரார் சொல்லிவிடுகிறார்கள்.

நம் குடும்பத்தில் அத்தை முறையாகும் ஒருவர் விஷயத்திலும் இந்தப் பேச்சே எழுந்தது. அவருக்குப் பிராயம் 73. தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை பங்குனியில் தோளைவிட்டு நழுவியது. வளையல் முழங்கைவரை ஏறியது. ஒரு செம்பு கம்பங்கூழ் குடிப்பவர் இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டார். காய்ச்சல் இல்லை; இருமலும் சொல்லும்படி இல்லை. வளையலைக் கண்டு சந்தேகித்தவள் அவருடைய பேத்திதான். அவளுடைய வற்புறுத்தலின்பேரில் சளியைச் சோதித்ததில் காசநோய் என்று வெளியாயிற்று. ஆறு மாத மருந்தில் அத்தை குணமடைந்தார்.

முதியோரிடம் வியாதி இவ்வாறு ஓசையின்றி வருவதுண்டு. காசநோய், புற்றுநோய், இருதயத் தளர்ச்சி, நாட்பட்ட சிறுநீரக நோய், நுரையீரல் நோய், அடங்காத நீரிழிவு ஆகிய எதுவும் முதலில் மெலிவாகவே தலைகாட்டக்கூடும். வெறும் பட்டினியில் உடல் தன் கொழுப்பைச் செலவழித்துத் தசையை இயன்றமட்டும் காத்துக்கொள்ளும். நோயிலோ உள்ளே மூளும் அழற்சி பசியை அடக்குவதுடன் தசையையும் கரைத்துவிடுகிறது. ஆகவே சோற்றைக் கூட்டிப் போடுவதனால் மட்டும் இம்மெலிவு தீராது. ஊட்டத்தோடு மூல வியாதிக்கும் சிகிச்சை வேண்டும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்படவேண்டும்? எந்த முயற்சியுமின்றி ஓராண்டுக்குள் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் காரணத்தைத் தேடவேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் அளவு. 50 கிலோ உடையவருக்கு அது இரண்டரைக் கிலோ. ஜப்பானில் வழங்கும் சுலபமான சோதனை ஒன்றும் உண்டு. முதியவர் உட்கார்ந்தபடி தம் இரு கைகளின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களால் வளையம் அமைத்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கவேண்டும். நடுவே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்கக்கூடும். கால் வீங்கியிருந்தால் மட்டும் இச்சோதனையை நம்பலாகாது. நீர் கோத்த உடலில் எடையும் உண்மை சொல்லாது.

மெலிவு உயிர் சம்பந்தமான விஷயம் என்பதைத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டமும் காட்டுகிறது. நோய் கண்டவரின் எடை, உயரம், மூச்சு, தாமே நிற்கும் சக்தி ஆகியவற்றை உடனே பார்த்து, மிகவும் மெலிந்தவரையும் தளர்ந்தவரையும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே அதன் முறை.

நம் வீட்டுப் பெரியவர்கள் தாமாக எதையும் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்பது அவர்களுடைய வைராக்கியம். ஆதலால் நேயர்கள் மாதம் ஒருமுறை அவர்களை நிறுத்து, அந்த எண்ணைச் சுவர்க் காலண்டரில் குறித்து வரட்டும். எண் இறங்கத் தொடங்கினால், அந்தத் தாளுடன் பெரியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். அவர் வேண்டாமென்றுதான் சொல்வார். அதைக் கேட்டு நின்றுவிடவேண்டாம்.