மூன்றில் ஒரு முனை

திருப்பூரைப் பற்றி எழுத வருகிறவர்கள் தையல் மெஷின் வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். தைப்பதற்கு முன் வெட்ட வேண்டும். வெட்டு மேசை நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் நிற்கும். அவிநாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்னக் கட்டிங் யூனிட் வைத்திருக்கும் நண்பர், "எங்களுக்கு மெஷின் பாக்கற அண்ணனை ஒருக்கா வந்து பாருங்க" என்று அழைத்துக்கொண்டே இருந்தார். நான் போன அன்று மெஷின் நின்றுபோயிருந்தது.

மேசை மேல் பனியன் துணி அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. ஒரு மூலை மட்டும் வெட்டியிருந்தது. இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தட்டையான அடிப்பலகை, அதன் மேல் செங்குத்தாக நிற்கும் மெல்லிய கத்தி, உச்சியில் மோட்டார். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கத்தி ஒருமுறை மேலும் கீழும் போய்வரும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 முறை. கட்டிங் மாஸ்டர் வலது கையால் மெஷினைத் தள்ளுவார். இடது கை, கத்திக்குப் பக்கத்தில், துணியை அமுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கைக்குத்தான் இரும்பு வலைக் கையுறை.

மாஸ்டர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். மெஷின் உறுமியது, கத்தி அசையவில்லை. சட்டென்று அணைத்தார். "காத்தால இருந்து இப்படித்தானுங்க. மோட்டார் போச்சுன்னு நெனைக்கறேன்."

மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். வந்ததும் பிளக்கைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "உறுமுதுன்னா மோட்டாருக்கு உசுரு இருக்குதுங்க. மூணு பேஸ்ல ஒண்ணு வரல, அவ்வளவுதான்."

மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்தான் மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழலும். ஒன்று விட்டுப்போனால் அது சுழலாமல் நின்ற இடத்திலேயே துடிக்கும். நின்ற மோட்டாரால் புறப்பட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனாலோ இன்னும் ஆபத்து. மோட்டார் நிற்காது, அதே வேலைக்கு மிச்சமுள்ள இரண்டு பேஸிலிருந்தும் ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டு ஓடும். வைண்டிங் கருகும் வாடை வந்த பிறகுதான் ஆட்களுக்குத் தெரியவரும்.

எந்த இடத்தில் ஒன்று விட்டுப்போகிறது என்பதுதான் கேள்வி. சுவர்ப் பலகையில் மூன்றும் வந்தன. மேலிருந்து தொங்கும் ஒயரில் முறிவு இல்லை. மெஷினின் பின்னால் சொருகும் பிளக்கில் பின்கள் கறுக்கவில்லை. பிறகு மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட்டுச் சுவிட்சில் மல்டிமீட்டர் வைத்தார். மூன்று முனையிலும் 'பீப்' சத்தம் கேட்டது. "சுவிட்சு நல்லாத்தான இருக்குதுங்கண்ணா" என்றார் மாஸ்டர்.

அண்ணன் பதில் சொல்லாமல் பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய 200 வாட்ஸ் குண்டு பல்பை எடுத்தார். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கின. சீரீஸ் லேம்ப். ஒவ்வொரு முனை வழியாகவும் பல்புக்குக் கரண்டு கொடுத்துப் பார்த்தார். முதல் முனையில் கண் கூசும் வெளிச்சம். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பல்பு சிவந்து, மங்கி, சுவிட்சின் நெம்புகோலை மரக்குச்சியால் லேசாக அசைத்தபோது அணைந்தே போனது.

மீட்டர் அனுப்பும் கரண்டு மிகச் சொற்பம். கருகிய முனைகள் ஏதோ ஒரு புள்ளியில் தொட்டாலே அதற்குப் போதும், கத்திவிடும். 200 வாட்ஸ் பல்பு கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். இந்தச் சின்ன மோட்டார் இழுப்பதற்கு அருகில் வரும் சுமை அது. சுமை ஏறும்போதுதான் முனையின் உண்மை வெளிப்படுகிறது. விலையுயர்ந்த கருவிகளோடு எத்தனையோ பொறியாளர்களைச் சந்தித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான சோதனையை நான் பார்த்தது அந்தச் சந்தில்தான். எல்இடி வந்த பிறகு குண்டு பல்பு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கிடைக்கும்போது நாலைந்து வாங்கி வைத்துக்கொள்கிறாராம்.

சுவிட்சைத் திறந்தார். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது. மூன்றாவது முனையில் வெள்ளிப் பூச்சு அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருந்தது. அணைக்கும் ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி பறக்கும். வளைவுக்கு வளைவு மெஷினை நிறுத்திப் போடுகிற வேலையில் அது ஆயிரக்கணக்கில் சேரும். சூட்டில் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது. "உப்புத்தாள் போட்டுத் தேச்சுறலாங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். "தேச்சா இருக்கற வெள்ளியும் போயிரும். ரெண்டு நாள் ஓடும், மூணாம் நாள் மோட்டாரை எரிச்சுப்போடும்."

புதுச் சுவிட்ச் வாங்கி வரப் பையன் போயிருந்த நேரத்தில் தன் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்டு, கோவையில் ஒரு வைண்டிங் பட்டறையில் சேர்ந்து, பம்புசெட் மோட்டாரில் கைபழகியவர். பனியன் கம்பெனிகள் பெருகியபோது இங்கே வந்தார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது மறுபடி பம்புசெட்டுக்கே போய், பிறகு திரும்பி வந்திருக்கிறார்.

"இதைவிட ஒண்ணு பாத்திருக்கறனுங்க. சுவிட்சே இல்லாம டைரக்டா குடுத்துருப்பாங்க." சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராக முறுக்கிவிடுவது. பிளக்கைச் சொருகியதும் கத்தி ஓடும். நிறுத்த வேண்டுமானால் மேசையைச் சுற்றிச் சுவர் வரை போய்ப் பிடுங்க வேண்டும். துணி சுருண்டு கத்தியில் மாட்டினால், கை வழுக்கினால், விரலுக்குப் பக்கத்திலேயே நிறுத்த ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு யூனிட்டில் ஒரு பையனுக்கு இடது கைச் சுட்டுவிரல் போயிருக்கிறது.

சில நூறு ரூபாய்ச் சுவிட்சை வாங்காமல் ஏன் ஒரு முதலாளி அப்படிச் செய்கிறார்? கல்நெஞ்சம் என்று சொல்லி நகர்வது எளிது. அவர் கையில் அன்றைக்குப் பணம் இல்லை என்பதே பல இடங்களில் உண்மை. ஆர்டரைக் கொண்டுவரும் ஏஜென்ட் தன் கமிஷனை முதலில் எடுத்துக்கொள்கிறார். ஏற்றுமதியாளர், வெளிநாட்டுக்காரன் பணம் அனுப்பவில்லை என்கிறார். கடைசியில் காத்திருப்பது வெட்டிக் கொடுத்தவரும் அவருக்கு மெஷின் பார்ப்பவரும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். நண்பரிடம் சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. புகார் கொடுக்க மாட்டார். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் என்று மேடை போட்டுப் பெருமை பேசுகிறவர்கள், ஒரு சுவிட்சுக்கு மாற்று வாங்க முடியாத அளவுக்கு யார் யார் பணத்தை முடக்கி வைத்திருக்கிறோம் என்றும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

புதுச் சுவிட்சைப் பொருத்தி அதற்கும் பல்பு வைத்துப் பார்த்தார். வைண்டிங் அளவுகளையும் ஏதோ சரிபார்த்தார். மெஷின் ஓடியதும், அம்புக்குறி காட்டும் திசையில்தான் சுற்றுகிறதா என்று கவனித்தார். மாஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, விட்ட மூலையிலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.

அண்ணன் கேட்ட கூலியில் நண்பர் பாதியைக் கொடுத்தார். மீதி, கம்பெனியிலிருந்து பில் பணம் வந்ததும். அந்தப் பில் மார்கழியில் வெட்டி முடித்துக் கொடுத்த வேலைக்கானது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது பங்குனியில்.