எழுதிக் கொடுக்கும் முன்

"நான் கண்ணை மூடுறதுக்கு முந்தி இதை மகன் பேருக்கு எழுதிடணும், புள்ள." பன்வில பகுதியில் கணவனை இழந்த தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கலவரத்திலும் யுத்தத்திலும் எல்லாவற்றையும் இழந்தவர்கள், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்தும் சீட்டுப் பிடித்தும் வாங்கிய பத்துப் பேர்ச்சஸ் அது. அவசரம் நியாயமானதே. ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கண்டியச் சிங்களவருக்கு 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. உரிமையைத் துறப்பதாக எழுதியிருந்தாலன்றி, கொடுத்தவர் நன்கொடையை மீளப்பெறலாம். பக்கத்து வீட்டு மெனிக்கே அம்மாவுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. நமக்குப் பொதுச்சட்டம். நன்கொடை உறுதியைப் பிள்ளை ஏற்றுக்கொண்டால், பொதுவாகக் கொடுத்தது கொடுத்ததுதான். பெரும் நன்றிகேட்டைக் காட்டி அதை இரத்துச் செய்ய 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் வழக்குப் போட வேண்டும், பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். எத்தனை தாய்மார் அந்தப் படியில் ஏறுவார்கள்?

ஆகவே உறுதி எழுதும்போதே இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, சீவிய உரித்து: சாகும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அனுபவிக்கவும் உங்களுக்குள்ள உரிமை. மற்றது, விரும்பினால் மீளப்பெறும் உரிமை. இரண்டும் உறுதியிலேயே எழுதப்பட வேண்டும். மகன் வாயால் கொடுத்த வாக்கு காணிப் பதிவகத்தில் பதியப்படுவதில்லை.

வெளிநாட்டு உறவினர் 'லிவிங் ட்ரஸ்ட்' என்று சொல்வதும் ஏறக்குறைய இதே எண்ணந்தான்: உயிருடன் இருக்கையில் சொத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்து, தானே அனுபவித்து, வேண்டுமானால் கலைத்துவிடுவது. இங்கும் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் உயிருடன் இருக்கையில் காணியை அப்படி வைப்பதற்கு நொத்தாரிசு உறுதி வேண்டும்; பொறுப்பாளர் வேறொருவரானால் காணியை அவர் பெயருக்கு மாற்றவும் வேண்டும். மாற்றாத காணிக்கு அந்தத் தாளால் பயனில்லை. ஒரு சிறு வீட்டுக்கு இவ்வளவு தேவையா என்றால், என் எண்ணத்தில் சீவிய உரித்துள்ள உறுதியே போதும்.

வன்னியில் இன்னும் 'பெர்மிட்' காணி வைத்திருப்போருக்கு வழி வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பின்னுரித்தாளரை நியமிக்கலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். நியமனம் உங்கள் மரணத்துக்கு முன் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும், பதியாதது செல்லாது.

இன்னொன்று. நம் பகுதியில் பல உறுதிகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அது நொத்தாரிசின் கடமை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். போகும்போது பழைய உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மகனை முதல்நாளே கூட்டிப் போக வேண்டாம்.